டாட்லர் ரூம்ல வேலையை எப்படிப் பிரிக்கறது: வேலைவாரியாவா, குழந்தைவாரியாவா?

டேகேர்ல டாட்லர் ரூம்னா நடை பழகற வயசுக் குழந்தைங்களோட ரூம்: ஒரு வயசுலேர்ந்து மூணு வயசுக்குள்ள எட்டு குழந்தைங்க, ரெண்டு பெரியவங்க, ஒரே ரூம். காலையில கதவு திறந்ததுலேர்ந்து சாயங்காலம் கடைசிக் குழந்தை கிளம்பற வரைக்கும் டயபர் மாத்தணும், சாப்பாடு குடுக்கணும், தூங்க வைக்கணும், மூக்கு தொடைக்கணும், கை கழுவி விடணும், அழுதா தூக்கணும், நடுவுல ஒருத்தர் போனை எடுக்கணும், இன்னொருத்தர் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து சாப்பிடணும். இந்த வேலையெல்லாம் ரெண்டு பேரும் எப்படிப் பங்கு போட்டுக்கறதுங்கறது டேகேர்ல எடுக்கற முடிவுகள்லயே பெரிய முடிவுன்னு நான் நினைக்கறேன். ஆனா பெரும்பாலான இடத்துல அதை யாரும் உட்கார்ந்து முடிவே பண்றதில்ல, ஆரம்பத்துல யாரு எங்க நின்னாங்களோ அதுவே பழகிப் போயிடுது, அப்புறம் புதுசா வர்ற ஸ்டாஃபும் அதையே பார்த்துக் கத்துக்கறாங்க.

நான் ரொம்ப வருஷமா டாட்லர் ரூம்லயே வேலை பாக்கறவ, ரெண்டு முறையிலயும் இருந்திருக்கேன். டேகேர் நடத்தறவங்க, ரோஸ்டர் போடறவங்க, அப்புறம் ரெண்டு மூணு டேகேரைப் பார்த்துட்டு எதுல சேக்கறதுன்னு யோசிச்சுட்டு இருக்கற அப்பா அம்மாங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். என் பக்கம் எதுன்னு முதல்லயே சொல்லிடறேன், குழந்தைவாரியா பிரிக்கறதுதான் சரி. ஆனா அது எங்க உடையும், அப்போ என்ன பண்ணணும், இன்னொரு முறை எந்த இடத்துல உண்மையிலயே நல்லது, இதையும் சொல்லாம விட்டா முடிவு எடுக்க முடியாது இல்லையா, அதனால எல்லாத்தையும் எழுதறேன்.

முதல்ல ரெண்டும் என்னன்னு பாத்துடலாம்.

வேலைவாரியான்னா ஒருத்தர் டயபர், ஒருத்தர் சாப்பாடு, ஒருத்தர் விளையாடற இடத்துல காவல். பத்து மணி ஆச்சுன்னா டயபர் ஆள் வரிசையா ஒவ்வொருத்தரா தூக்கிட்டு போய் மாத்திட்டு வருவாங்க, பதினொன்றரைக்கு சாப்பாட்டு ஆள் எல்லாரையும் உட்கார வெச்சு குடுப்பாங்க, தூக்க நேரத்துல யாருக்கு யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க தட்டிக் குடுப்பாங்க. குழந்தைவாரியான்னா எட்டு பேர்ல நாலு பேரு இவங்க பொறுப்பு, நாலு பேரு அவங்க பொறுப்பு. தன்னோட நாலு பேருக்கும் காலையில கதவுகிட்ட வாங்கறதுலேர்ந்து டயபர், சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்றது வரைக்கும் முடிஞ்ச வரை ஒரே ஆள். விளையாடும்போது ரூம்ல இருக்கற எல்லாரையும் ரெண்டு பேரும்தான் பாத்துப்பாங்க, அதுல பிரிவு கிடையாது. உடம்பைத் தொட்டு செய்யற வேலைக்குத்தான் பிரிவு, இதைப் பலபேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க, உன் புள்ள என் புள்ளன்னு ரூமுக்கு நடுவுல கோடு போடற விஷயம் இல்ல இது.

இது புது யோசனையும் கிடையாது. ஹங்கேரியில எம்மி பிக்லர்னு ஒரு குழந்தை டாக்டர், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட 1946ல புடாபெஸ்ட்டுல லோட்ஸி தெருவுல கைக்குழந்தைங்களுக்கான ஒரு இல்லத்தை நடத்த ஆரம்பிச்சாங்க. அப்பா அம்மா இல்லாத, இல்லன்னா வளர்க்க முடியாத நிலைமையில விட்ட குழந்தைங்க. அங்க விளையாட்டு நேரத்துல பெரியவங்க அதிகம் தலையிட மாட்டாங்க, ஆனா டயபர் மாத்தறது, குளிப்பாட்டறது, ஊட்டறது இந்த மூணு நேரத்துலயும் முழு கவனமும் அந்த ஒரே குழந்தைமேல, அவசரமே இல்லாம, செய்யப் போறதை முன்னாடியே சொல்லிட்டு செய்வாங்க. அவங்ககிட்ட பழகின மக்டா கெர்பர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போய் 1978ல அதுக்குன்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல எலினோர் கோல்ட்ஷ்மீட் மாதிரி ஆளுங்க ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்குன்னு ஒரு ஆள் இருக்கணும்னு விடாம சொல்லிட்டே இருந்தாங்க, இப்போ அங்க அது சட்டப்படி கட்டாயம், 2008லேர்ந்து ஒவ்வொரு சின்னக் குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆகணும்.

சரி, இப்போ டயபருக்கு வரேன், ஏன்னா ரெண்டு முறைக்கும் இருக்கற வித்தியாசம் இங்கதான் பச்சையா தெரியும்.

முழு நாள் இருக்கற குழந்தைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது டயபரைத் தொட்டுப் பாக்கணும், ரெண்டுக்கு போயிருந்தா உடனே மாத்தணும். ஒரு நாளைக்கு நாலு அஞ்சு தடவை சுலபமா வந்துடும். எட்டு பேருக்கு நாலு தடவை, ஒரு தடவைக்கு மூணு நிமிஷம்னு வெச்சாலே தொண்ணூத்தாறு நிமிஷம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. வேலைவாரியா பண்றவங்க சொல்ற முதல் நியாயம் இதுதான், ஒரே ஆள் வரிசையா பண்ணினா வேகமா முடியும், பொருளெல்லாம் எடுத்து வெச்சது வெச்சபடி இருக்கும், கையுறை மாத்தி கை கழுவி மேஜையைத் துடைச்சு அடுத்த ஆள்னு ஒரு ஓட்டத்துல போயிடும். உண்மைதான், வேகமாத்தான் முடியும். ஆனா அந்த வேகத்துல குழந்தைக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு டப்பாவுக்குள்ள மூடியை எப்படியாவது நுழைச்சுடணும்னு மும்முரமா இருக்கற ஒன்றரை வயசுக்காரனை யாரோ பின்னாடிலேர்ந்து அள்ளித் தூக்கறாங்க, படுக்க வெக்கறாங்க, காலைத் தூக்கறாங்க, ஈரமா ஏதோ படுது, திரும்ப கீழ விடறாங்க. அவன் உதைக்கறான், திமிர்றான், உடனே பிடிவாதக்காரன்னு பேரு வருது. அவனுக்கு பிடிவாதம் எல்லாம் ஒண்ணும் இல்ல, யாரு என்ன பண்றாங்கன்னு அவன்கிட்ட யாருமே சொல்லல, அவ்வளவுதான்.

குழந்தைவாரியா பண்ணும்போது அதே ஆளு பக்கத்துல போய் உக்காந்து, மூடியை நுழைச்சு முடிக்கற வரைக்கும் ஒரு அரை நிமிஷம் பார்த்து, டயபர் மாத்தப் போலாமா, நீயே நடந்து வரியா தூக்கிக்கவான்னு கேக்கறாங்க. மேஜையில படுத்ததும் இப்போ பேன்ட்டை இறக்கறேன், இப்போ துடைக்கறேன், கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், இடுப்பைத் தூக்கு பாப்போம்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே பண்றாங்க. ஒரு வாரம் இப்படிப் பண்ணினா அவனே இடுப்பைத் தூக்குவான், பழைய டயபரை வாங்கிக் குப்பைத்தொட்டியில போடுவான். படுக்கவே மாட்டேன்னு அடம் பிடிக்கற வயசு வரும், அப்போ நிக்க வெச்சு மாத்தலாம், வெறும் மூத்திரம்னா அது சுலபம், இதெல்லாம் எந்தக் குழந்தைக்கு எதுன்னு தெரிஞ்ச ஆளாலதான் பண்ண முடியும். மூணு நிமிஷம் அஞ்சு நிமிஷமா ஆகும், மறைக்கல. ஆனா ஒரு நாள் பூரா அந்தக் குழந்தையோட முகத்துக்கு நேரா முகம் வெச்சு யாருமே குறுக்கே வராம பேசற நேரம் வேற எப்ப கிடைக்குது சொல்லுங்க? புதுசா ஒரு வார்த்தை வர்றது, விரலைக் காட்டி ஏதோ கேக்கறது, நீ மூக்கைத் தொட்டா அவனும் தொடறது எல்லாம் அந்த மேஜையிலதான் நடக்குது. இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கறதுங்கறதுலயே குறியா இருந்தா நாளோட நல்ல நேரத்தையே தூக்கிப் போட்ட மாதிரிதான்.

உடம்பு விஷயமும் இருக்கு. நேத்து லேசா சிவந்திருந்த இடம் இன்னைக்கு பருபருன்னு இருக்குன்னு நேத்து பாத்த கண்ணுக்குத்தான் தெரியும். ரெண்டு நாளா மலம் போகல, மூத்திரம் கம்மியா போறான், தொடையில புதுசா ஒரு காயம் இருக்கு, இதெல்லாம் ஆளாளுக்கு மாறி மாறி பாத்தா நோட்டுல எழுதி வெச்சாலும் ஒண்ணோட ஒண்ணு சேராது.

வேலைவாரி முறைக்காரங்க பேசறதுல நான் தலைவணங்கி ஒத்துக்கற ஒரு நியாயம் சுத்தம். டயபர் மாத்தற கை சாப்பாட்டுப் பக்கம் போகாம இருந்தா வயித்துப்போக்கு பரவறது குறையும், குழந்தைங்க இருக்கற இடத்துல வயித்துப்போக்கு ஒருத்தருக்கு வந்தா ரூமுக்கே வரும். அதனால சமைக்கற ஆளும் டயபர் மாத்தற ஆளும் வேற வேறயாத்தான் இருக்கணும், இதுல எந்த முறையா இருந்தாலும் சமரசம் வேண்டாம். ஆனா சமைக்கறது வேற, சமைச்சதைக் குழந்தை பக்கத்துல உக்காந்து குடுக்கறது வேற. டயபர் மாத்தின உடனே சோப்பு போட்டு இருபது வினாடியாவது தேய்ச்சுக் கழுவி, குழந்தையோட கையையும் கழுவி விட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவை கழுவினா அதே ஆள் உக்காந்து குடுக்கலாம். கையுறை போட்டிருந்தேன் அதனால கழுவ வேண்டாம்னு நினைக்கறவங்க இருக்காங்க, அது ரொம்ப தப்பு. சானிட்டைசரும் சோப்புக்கு பதில் ஆகாது, வாந்தி பேதி உண்டாக்கற நோரோ வைரஸ் மாதிரி சிலது அதுக்கு சரியா சாகறதில்ல. குழந்தைங்களோட கையைக் கழுவறதைத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க, மேஜையில படுத்திருக்கும்போது அந்தக் கை எங்கெல்லாம் போகுதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டுல வித்தியாசம் மேஜையோட நீளத்துலயே தெரிஞ்சுடும். எட்டு பேரையும் ஒரே நீள மேஜையில உட்கார வெச்சு ஒருத்தர் நின்னுட்டே வாய் வாயா ஊட்டிட்டு போறது ஒரு வகை. அதுல பாதி இடத்துல ஒரே கிண்ணம் ஒரே ஸ்பூன் பல வாய்க்கு போகுது, அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. சின்ன மேஜையில நாலு பேரோட அவங்க ஆள் கூடவே உக்காந்து சாப்பிடறது இன்னொரு வகை. எல்லன் சாட்டர்னு அமெரிக்காவுல ஒரு சத்துணவு நிபுணர், என்ன சாப்பாடு, எப்போ, எங்கங்கறது பெரியவங்க பொறுப்பு, எவ்வளவு சாப்பிடறது, சாப்பிடறதா வேண்டாமாங்கறது குழந்தையோட பொறுப்புன்னு பிரிச்சுச் சொன்னாங்க. இதை நின்னுட்டே எட்டு வாய்க்கு ஊட்டற ஆளால கடைப்பிடிக்கவே முடியாது, ஏன்னா யாருக்கு வயிறு நிறைஞ்சதுன்னு பாக்க அவங்களுக்கு நேரம் இல்ல, தட்டு காலியாச்சாங்கறது மட்டும்தான் தெரியும். முகத்தைத் திருப்பறான், ஸ்பூனைத் தட்டறான், சாப்பாட்டை எடுத்து கீழ போட ஆரம்பிக்கறான், இதெல்லாம் போதும்னு சொல்றது. பக்கத்துல உக்காந்தவங்களுக்குப் புரியும்.

கீழ சிந்தும், துடைக்க பத்து நிமிஷம் கூட ஆகும். ஒன்றரை வயசுல கையால எடுத்து சாப்பிட விட்டாத்தான் ரெண்டு வயசுல ஸ்பூன் பிடிக்கும், அந்தப் பத்து நிமிஷத்தைக் கணக்குல சேத்தே ரோஸ்டர் போடுங்க.

தொண்டையில அடைச்சுக்கறதைப் பத்தி மட்டும் அழுத்தி சொல்லணும். முழுசா அடைச்சுக்கிட்ட குழந்தை சத்தமே போடாது, இருமாது, அழாது, அதனால முதுகைக் காட்டி நிக்கற ஆளுக்கு அது தெரியவே தெரியாது. திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டணும், முழு முந்திரி பாதாம் மாதிரி பருப்பு வகை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் நாலு வயசு வரைக்காவது வேண்டவே வேண்டாம், நடந்துட்டே ஓடிட்டே சாப்பிட விடக் கூடாது, சாப்பிடற நேரம் முழுக்க முகம் தெரியற மாதிரி ஒரு பெரியவங்க உட்கார்ந்திருக்கணும். அலர்ஜி விஷயத்துல மட்டும் ஒரே சாப்பாட்டு ஆள் இருந்தா நல்லதுன்னு சொல்றவங்க இருக்காங்க, எல்லாருடைய அலர்ஜியும் ஒருத்தர் தலையில இருக்கும்ங்கறாங்க. அந்த ஒருத்தர் லீவு போட்டா என்ன ஆகும்? அலர்ஜி பட்டியல் போட்டோவோட சாப்பாடு எடுத்து வைக்கற இடத்துல ஒட்டியிருக்கணும், ரூம்ல இருக்கற எல்லாருக்கும் மனப்பாடமா தெரியணும். இது எந்த முறைக்கும் பொது.

தூக்கத்துல நான் கொஞ்சம் விட்டுக் குடுப்பேன். ஒன்னுலேர்ந்து ரெண்டு வயசுக் குழந்தைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 11லேர்ந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லுது. ஒரு வயசு தாண்டினதும் பகல்ல ரெண்டு தடவை தூங்கறவங்க கொஞ்சம் கொஞ்சமா ஒரு தடவைக்கு மாறுவாங்க, பெரும்பாலும் ஒன்றரை வயசுக்குள்ள. அப்போ ஒரே ரூம்ல காலையில பத்து மணிக்கே கண்ணைக் கசக்கறவனும் இருப்பான், ஒரு மணி வரைக்கும் துள்ளிட்டு இருக்கறவளும் இருப்பா. பன்னெண்டரைக்கு லைட்டை அணைச்சு எல்லாரும் படுங்கன்னா பத்து மணிக்காரன் அதுக்குள்ள அழுது ஓய்ஞ்சு சாப்பாட்டுத் தட்டுலயே சாஞ்சிருப்பான். தூங்க வைக்கறதுக்கு அவங்கவங்க ஆள் வேணும், ஒருத்திக்கு முதுகைத் தட்டணும், ஒருத்தனுக்குக் காதைத் தடவணும், ஒருத்தனைத் தொடவே கூடாது பக்கத்துல உக்காந்தா போதும். ஆனா தூங்கினதுக்கு அப்புறம் காவல் இருக்கறதுக்கு வேலைவாரிதான் நல்லது, ஒருத்தர் தூங்கறவங்களை மட்டும் கவனிச்சுட்டு மூச்சு, நெறம், போர்வை முகத்துக்கு வந்துடுச்சான்னு பாத்துட்டே இருக்கணும், இன்னொருத்தர் முழிச்சிருக்கறவங்களோட. தன்னோட நாலு பேர்ல ரெண்டு பேரு தூங்கி ரெண்டு பேரு முழிச்சா ஒரே ஆளால ரெண்டு பக்கமும் பாக்க முடியாது, அந்த நேரத்துல பிரிவை மாத்திக்கறது ஒண்ணும் கொள்கைக்கு விரோதம் இல்ல.

டாய்லெட் பழக்கறது பத்தி ரெண்டு வரி. மணி அடிச்ச மாதிரி எல்லாரையும் வரிசையா உட்கார வெச்சா சிலருக்கு தற்செயலா வரும், பலருக்கு வராது, வராதவங்க பயப்பட ஆரம்பிப்பாங்க. ரெண்டு மணி நேரம் காஞ்சு இருக்கறது, ஓரமா போய் ஒளிஞ்சுட்டு போறது, போனதும் வந்து சொல்றது, பேன்ட்டைத் தானே இழுக்கறது, இந்த அடையாளம் யாருக்கு வந்திருக்குன்னு அவங்க டயபரை மாத்தற ஆளுக்குத்தான் முதல்ல தெரியும், அதை வீட்டுல சொல்லி ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி ஆரம்பிக்கலாம்.

கடிக்கறதும் அப்படித்தான். ஒரு வயசுலேர்ந்து ரெண்டரை வயசு வரைக்கும் கடிக்கறது சகஜம், பேச்சு வராத வயசுல கோபம் பல்லுக்கு வந்துடும். இவன் பசி வந்தா கடிப்பான், இவ யாராவது ரொம்ப நெருங்கினா கடிப்பான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா கடிக்கறதுக்கு முன்னாடியே போய் நடுவுல உக்காந்துடலாம். யாருக்கும் தெரியலைன்னா கடிச்சதுக்கு அப்புறம் ஐஸ் வெச்சுட்டு ஃபார்ம் எழுதறதுதான் மிச்சம்.

இனி, புதுசா சேர்ற குழந்தை. இந்த ஒரு இடத்துல வேலைவாரி முறைக்கு என்கிட்ட ஒரு நல்ல வார்த்தையும் இல்ல.

பத்து மாசத்துலேர்ந்து ஒன்றரை வயசு வரைக்கும் பிரிஞ்சா அழறது உச்சத்துல இருக்கற காலம், சரியா அந்த வயசுலதான் நெறைய குழந்தைங்க டேகேருக்கு வராங்க. ஜெர்மனியில பெர்லின் முறைன்னு ஒண்ணு 1980கள்ல உருவாச்சு. முதல் மூணு நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோட வந்து ஒரு மணி நேரம் மாதிரி கூடவே உக்காந்துட்டு சேந்தே போயிடுவாங்க, பிரிவே கிடையாது. நாலாவது நாள் சொல்லிட்டு வெளிய போவாங்க, அதிகபட்சம் அரை மணி நேரம். அழுதாலும் அந்தக் குழந்தைக்குன்னு இருக்கற ஸ்டாஃபால சமாதானப்படுத்த முடிஞ்சா தொடரலாம், முடியலைன்னா ரெண்டு மூணு நிமிஷத்துலயே திரும்பக் கூப்பிடறாங்க, இன்னும் சில நாள் பொறுத்து மறுபடி முயற்சி. அந்த நாலாவது நாள் திங்கட்கிழமையா இருக்கக் கூடாதுன்னு கூட வெச்சிருக்காங்க, ரெண்டு நாள் வீட்டுல இருந்துட்டு வந்த உடனே பிரிச்சா கஷ்டம்னு. எல்லாம் சேந்து ரெண்டு மூணு வாரம் ஆகும். ஸ்வீடன்ல நெறைய இடத்துல மூணு நாள் முறை, அம்மா அப்பா மூணு நாளும் முழு நேரமும் கூடவே இருந்து டயபர், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவங்களே அந்த இடத்துல செய்வாங்க, நாலாவது நாள் விட்டுட்டுப் போயிடுவாங்க.

ரெண்டுல எது நல்லதுன்னு கேட்டா லீவு கிடைக்கற வீட்டுக்கு பெர்லின் முறை, கூச்சப்படற குழந்தைக்குக் கண்டிப்பா அதுதான். லீவே இல்லைன்னா மூணு நாள் முறை பரவாயில்ல, இடத்தோட வாசனையும் ஒழுங்கும் அம்மா மடியிலேர்ந்தே பழகிடும். ஆனா பெர்லின் முறை நடக்கறதே அம்மா கையிலேர்ந்து எந்தக் கைக்குப் போறோம்னு குழந்தைக்குத் தெரியறதுனாலதான், அந்தக் கை ஒரே கையா இருக்கணும். வேலைவாரியா இருக்கற ரூம்ல கதவுகிட்ட அன்னைக்கு யாரு இருக்காங்களோ அவங்க வாங்கறாங்க, பத்து மணிக்கு வேற ஆள், தூக்கத்துக்கு இன்னொரு ஆள். முதல் வாரத்துல அந்தக் குழந்தை யாரைப் பிடிச்சுக்கும்? அதனாலதான் அங்க அம்மாவைச் சொல்லாம நழுவச் சொல்றாங்க. சொல்லாம போறது எந்த முறையிலயும் வேண்டாம், அப்புறம் அம்மா கக்கூஸ் போனாலே கதற ஆரம்பிச்சுடும். சொல்லிட்டு, முத்தம் குடுத்துட்டு, ஒரே தடவையில போயிடணும், கதவுகிட்ட திரும்பித் திரும்பி வரக் கூடாது.

கார்டிசால்னு ஒரு ஹார்மோன் இருக்கு, வீட்டுல இருக்கற சின்னக் குழந்தைக்குக் காலையில அதிகமா இருந்து சாயங்காலம் ஆக ஆகக் குறையும். டேகேர்ல இருக்கற பல டாட்லருக்கு அது மத்தியானம் ஆக ஆகக் கூடுதுன்னு ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க, சும்மா விளையாடிட்டு இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் உள்ள உடம்பு உஷாராவே இருக்கு. அழல அதனால நல்லா இருக்கான்னு நெனச்சுடாதீங்க. தன்னோட ஆள் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்ச குழந்தைதான் தைரியமா தூரமா போய் விளையாடும்.

இப்போ குழந்தைவாரி முறை எங்க உடையும்னு சொல்றேன், இதைச் சொல்லாமலே பல பேரு ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல கைவிட்டுடறாங்க.

முதல் பிரச்சனை லீவு. தன்னோட ஆள் வரலைன்னா அந்த நாலு குழந்தையும் ஒரே நேரத்துல தவிச்சுப் போகும். இதுக்கு ஒரே மருந்து ஜோடி போடறது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் ஆள் ஒருத்தர், ரெண்டாவது ஆள் ஒருத்தர், அந்த ரெண்டாவது ஆளும் வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவையாவது அந்தக் குழந்தைக்கு டயபர் மாத்தி, சாப்பாடு குடுத்து, தூங்க வெச்சுப் பழகியிருக்கணும், பேருக்கு எழுதி வெச்சா போதாது. ஜோடியில ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு குடுக்கக் கூடாது. ஷிஃப்ட் மாறற இடத்துல அரை மணி நேரம் ரெண்டு பேரும் ரூம்ல இருக்கற மாதிரி வெச்சா, காலை ஆள் போறதை குழந்தை பாத்து டாட்டா சொல்ல முடியும், இல்லைன்னா அதுவும் ஒரு சொல்லாம நழுவறதுதான்.

ரெண்டாவது, ஒட்டிக்கறது. ஆள் சாப்பிடப் போனாலே அழறான்னு புகார் வரும். அழட்டும், திரும்பி வராங்கன்னு நாளுக்கு நாள் தெரியும்போது குறையும், அழறதே அவனுக்கு அவங்க முக்கியம்னு அர்த்தம். இதை மேனேஜர் புரிஞ்சுக்கலைன்னா ரொம்பச் செல்லம் குடுக்கறாங்கன்னு ஸ்டாஃபைத் திட்டுவாங்க, நல்லா பாத்துக்கறவங்களே மனசு உடைஞ்சு போவாங்க. வீட்டுலயும் பயப்படுவாங்க, என்னை விட அவங்களைப் பிடிச்சுடுமோன்னு சில அம்மாங்க கேக்கறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்கும். அந்தப் பயத்தை மதிக்கணும். குழந்தைக்கு அம்மா அப்பா யாருன்னு நல்லா தெரியும், கூட இன்னொருத்தர்கிட்ட தைரியமா இருக்கக் கத்துக்கறதால அது குறையாதுன்னு பொறுமையா சொல்லணும், முடிஞ்சா அந்த ஆளே சொல்லணும்.

மூணாவது, ஒத்துப் போகாத ஜோடி. எல்லா ஆளுக்கும் எல்லா குழந்தையும் பிடிக்கும்ங்கறது நடக்காத விஷயம். நாள் பூரா அழற ஒரு குழந்தையும் ஏற்கனவே களைச்சுப் போன ஒரு ஸ்டாஃபும் சேந்துட்டா ரெண்டு பேருக்குமே கெடுதல். வேலைவாரியில அந்தப் பாரம் பங்காகிடும், அது அதோட உண்மையான பலம். அதனால முதல் ரெண்டு வாரம் பேரை உறுதி பண்ணாம குழந்தை யார்கிட்ட தானா போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, பிறகும் ஒத்து வரலைன்னா யாரையும் குத்தம் சொல்லாம மாத்திக்க இடம் வைங்க.

நாலாவதுதான் பெரிசு, ஆள் எண்ணிக்கை. இங்கிலாந்துல ரெண்டு வயசுக்குக் கீழ மூணு குழந்தைக்கு ஒரு ஆள், ரெண்டு வயசுக் குழந்தைங்களுக்கு நாலுக்கு ஒண்ணுன்னு இருந்ததை 2023ல அஞ்சுக்கு ஒண்ணா ஆக்கினாங்க. நாலு அஞ்சு பேரு வரைக்கும் நான் சொல்ற மாதிரி முழுசா பண்ணலாம். ஒருத்தருக்கு எட்டு பத்துன்னு ஆயிடுச்சுன்னா குழந்தைவாரின்னு பேரு வெச்சாலும் அது வரிசைதான், அந்த ஆளும் ஒடிஞ்சு போவாங்க. அப்படிப்பட்ட இடத்துல முழுசா மாத்தறேன்னு இறங்காதீங்க. டயபர், தூங்க வைக்கறது இந்த ரெண்டை மட்டும் குழந்தைவாரியா வெச்சுட்டு, சாப்பாட்டையும் விளையாட்டையும் பொதுவா விடுங்க. அதுவும் முடியலைன்னா புதுசா சேர்ற குழந்தைக்கு மட்டும் முதல் மாசம் ஒரே ஆள். ஸ்டாஃப் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாறிட்டே இருக்கற இடமும் இருக்கு, அங்க குழந்தை ஒட்டிக்கிட்டு ஒட்டிக்கிட்டு இழக்கறது கொடுமைதான், ஆனா அதுக்கு யார்கிட்டயும் ஒட்டாம வெக்கறது வழி இல்ல, ஸ்டாஃப் ஏன் போறாங்கன்னு பாத்து சம்பளத்தையும் வேலை நேரத்தையும் சரி பண்றதுதான் வழி. போறவங்களும் குழந்தைகிட்ட சொல்லிட்டுப் போகணும், பேச்சு வராத குழந்தையா இருந்தாலும்.

மாத்தறதுன்னு முடிவு பண்ணினவங்க ஒரே திங்கட்கிழமையில எல்லாத்தையும் புரட்டாதீங்க. முதல்ல புதுசா வர்ற குழந்தைங்களுக்கு மட்டும் ஆள் போடுங்க. ரெண்டாவது படியா டயபர் மேஜை, அங்க அவங்கவங்க குழந்தையோட பேரு எழுதின தட்டுல டயபர், கிரீம், மாத்துத் துணி பிரிச்சு வெச்சாலே பாதி வேலை முடிஞ்சது. டயபர் நல்லா ஓட ஆரம்பிச்சதும் நீள மேஜையை எடுத்துட்டு சின்ன மேஜை போடுங்க, கடைசியா தூக்கம். ஒருத்தர் டயபர் மேஜையில இருக்கும்போது மத்தவங்க எந்த இடத்துல நின்னா ரூம் முழுசும் கண்ணுக்குத் தெரியும்னு தரையில நின்னு பாத்து முடிவு பண்ணுங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல அவங்களை யாரும் கூப்பிடறதில்லன்னு ஸ்டாஃப் எல்லாரும் பேசி வெச்சுக்கணும், இல்லைன்னா எவ்வளவு பிரிச்சாலும் அவசரம் போகாது.

அப்பா அம்மாங்களுக்கு: பாக்கப் போற டேகேர்ல என் குழந்தையோட டயபரை யாரு மாத்துவாங்கன்னு கேளுங்க. ஒரு பேரு வருதா, நாங்க எல்லாருமே பாத்துப்போம்னு வருதான்னு கவனிங்க. பேரு வந்தா, அவங்க லீவுன்னா யாருன்னு அடுத்துக் கேளுங்க, அதுக்கும் பேரு வந்தா அந்த ரூம்ல யோசிச்சு வேலை பாக்கறாங்க. முடிஞ்சா சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாருங்க, பெரியவங்க உக்காந்திருக்காங்களா நிக்கறாங்களான்னு. சேக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நான் கூட உக்காரலாம்னும் கேளுங்க, முதல் நாளே விட்டுட்டுப் போயிடுங்க பழகிடும்னு சொன்னாங்கன்னா, ஒரு மூணு நாளாவது இருக்கேன்னு தயங்காம கேட்டு வாங்குங்க, அதுக்கு அவங்க ஒத்துக்கலைன்னா அடுத்த இடத்தைப் பாருங்க.